கடை திறக்கும் நேரம்

சம்பளத்தைப் பற்றியும் கடை நடத்துவதைப் பற்றியும் எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன். ஓ.எல். பரீட்சை வரை பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அரிசிப் பைகளிலும் மாப் பைகளிலும் ஒட்டியிருக்கும் எழுத்துகளைத்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் கூச்சப்படுவேன். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் நான் டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்தேன். காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பேன், மூன்று மணிக்கு வீட்டுக்குப் போவேன். கடை முதலாளியை அண்ணை என்று கூப்பிடுவோம். அந்த நாட்களில் வியாபாரம் குறைந்திருந்தது. தொழிற்சாலைகளில் எங்கள் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பாசுமதி அரிசியும் தேங்காய்ப்பாலும் டெனிஷ் பெருங்கடைகளிலேயே வந்துவிட்டன. கடைக்கு வருகிறவர்கள் தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு, ஊரில் யார் எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்று கதைத்துவிட்டுப் போவார்கள்.

என் தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்குள் இருந்தாள். தை மாதம் ஒரு நாள் காலை பத்து மணி போல கடைத் தொலைபேசி அடித்தது. அவள்தான். என் பழைய வீட்டு இலக்கம் வேலை செய்யாததால், ஒரு கடிதத்தில் நான் எழுதியிருந்த கடை இலக்கத்துக்கு எடுத்திருந்தாள்.

"அக்கா, பின்னால ஆக்கள் வரிசையில நிக்கினம். ரெண்டு நிமிசம்தான் தருவினம்."

என் கைத்தொலைபேசி இலக்கத்தைச் சொன்னேன். இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. எழுதப் பேனையும் இல்லை என்றாள். "சரி, இதுக்கே எடு. காலமையில நான் இஞ்சதான் நிப்பன்" என்றேன். மாசியிலும் ஒரு முறை எடுத்தாள், அதே நேரத்தில். அவளைத் திருப்பி அழைக்க எனக்கு இலக்கம் எதுவும் இல்லை.

அதே மாதம்தான் தொழிற்சங்கத்திலிருந்து சம்பளக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் குறைந்த சம்பளம் இவ்வளவு என்று அரசாங்கம் சட்டம் போடுவதில்லை. தொழிற்சங்கமும் முதலாளிமாரும் பேசி எழுதும் உடன்படிக்கைதான். அண்ணையும் அதில் கையெழுத்து வைத்திருந்தார். பங்குனியிலிருந்து மணித்தியாலச் சம்பளம் கூடும் என்று கடிதம் சொன்னது. மகள் அதை வாசித்துவிட்டு, வழக்கம்போல டெனிஷில், "மோர், இது அவர் போடுற பிச்சை இல்லை. உங்களுக்குரியது. கேளுங்கோ" என்றாள். மோர் என்றால் அம்மா.

பங்குனிச் சம்பளச் சீட்டில் பழைய தொகையே இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன்.

"அண்ணை, அந்தக் கடிதம்..."

"எந்தக் கடிதம்?"

"சம்பளம் கூடுறது."

அவர் கணக்குக் கொப்பியை மூடினார். பிறகு சிரித்தார். "வாயில்லாப் பூச்சி எண்டு நினைச்சன். மகள் சொல்லித் தந்தவவோ?"

"ஓம்."

"தாறன் பிள்ளை. தராமல் விட்டால் சங்கக்காரன் வந்து வாசலில நிப்பான். ஆனா எங்கயிருந்து தாறது எண்டுதான் தெரியேல்லை."

தந்தார். விடுபட்டதையும் சேர்த்தே தந்தார். இரண்டு கிழமை கழித்துக் கதவில் ஒரு தாள் ஒட்டினார். இனிமேல் கடை பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். காலையில் ஆட்கள் வருவது குறைவு. அந்த நேரத்துக்கு என் சம்பளத்தைக் கொடுத்தால் கட்டாது என்றார். காலை வேளைகளில் தானே ஆர்ஹூஸ் நகருக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவாராம். லொறிக்காரனுக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. கடைத் திறப்பைக் கேட்டார், சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

தங்கச்சி காலையில் எடுப்பாள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டு அவருக்கு இவ்வளவு கஷ்டம் கொடுத்துவிட்டேன், இன்னொன்று கேட்க நா எழவில்லை. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அங்கே யாராவது இருந்தார்கள். என் தங்கச்சிக்காக மட்டும் ஒரு கடையைத் திறந்து வைக்கச் சொல்வதா என்றும் இருந்தது.

ஆனால் வீட்டிலும் இருக்க முடியவில்லை. தினமும் ஒன்பதரைக்கே போய்க் கடை வாசலில் நின்றேன். தெரிந்தவர்கள் யாராவது கடந்தால் பஸ்ஸுக்கு நிற்பதுபோலத் திரும்பிக்கொள்வேன். பஸ் அந்தத் தெருவால் போவதே இல்லை.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை, பத்து மணி கழிந்து, உள்ளே தொலைபேசி அடித்தது.

கண்ணாடிக்குள்ளால் அது தெரிந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், மிக்சர்ப் பைகளுக்குப் பின்னால், சின்னச் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. கதவைப் பிடித்து இழுத்தேன். கைத்தொலைபேசியில் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? கடைக்குள்ள போன் அடிக்குது."

"அடிக்கட்டும். கடைக்கு மீன் போடுற மீன்காரனாயிருக்கும். நான் ஆர்ஹூஸில நிக்கிறன்."

"தங்கச்சியாயிருக்கும், அண்ணை."

அவர் வாகனத்தின் எஞ்சினை நிறுத்துவது கேட்டது. பிறகு, "என்ன விசர்க்கதை இது? ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? திறப்பை உம்மட கையில தந்திட்டு வந்திருப்பனே!" என்றார். "கண்ணாடியை உடையும். உடையும் பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்."

மணி நின்றது. பிறகு மீண்டும் அடித்தது. தெருவோரம் ஒரு கல் கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன். எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு டெனிஷ்காரர் நாயோடு நின்று என்னைப் பார்த்தார். நான் கல்லைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவர் போய் முடிய மணியும் நின்றுவிட்டது.

அது தங்கச்சியா, மீன்காரனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வைகாசியில் போர் முடிந்தது. முகாம்களிலிருந்து வந்த பட்டியல்களில் அவள் பெயரும் இல்லை, பிள்ளைகளின் பெயர்களும் இல்லை. கடை இலக்கத்தை என் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடலாம், அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது என்று மகள் பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். சம்பளத்தைக் கேட்கச் சொன்னது பிழை என்று அவள் நினைக்கிறாள். கேட்டது பிழையில்லை என்று நான் அவளுக்குச் சொல்வேன். சொல்லும்போது அதை நம்புகிறேன். சமையலறையில் தனியாக நிற்கையில், எங்கோ பக்கத்து வீட்டில் தொலைபேசி அடித்தால், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. அண்ணை எனக்கென்று ஒரு திறப்பு வெட்டுவித்துத் தந்தார். ஒன்பது மணிக்குப் போய், விளக்குப் போடாமல், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். பதினொன்றரைக்கு மீன்காரன் எடுத்தான். நேற்றுப் பத்து மணிக்கும் எடுத்தானா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.