மூணு வழி அக்கா

அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

"வக்கீலா?"

"இல்ல."

"போலீஸா?"

"இல்ல."

"அப்போ ஜட்ஜா?"

"அதுவும் இல்ல. குற்றம், கோர்ட்டு, ஜெயிலு, இதுக்கெல்லாம் என்ன சட்டம் போடலாம்னு அமைச்சருக்கு யோசனை சொல்றேன்."

"யோசனை சொல்றதுக்குச் சம்பளமா? நம்ம வீட்ல எல்லாரும் சும்மாவே சொல்றோமே!"

இப்படிக் கேட்டது அவளுடைய நாத்தனார். மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறவள். வாய் நீளம், மனசு தங்கம்.

கோர்ட்டில் தீர்ப்பு டைப் அடிக்கிற வேலையில் சேர்ந்து, இரவல் புத்தகத்தில் படித்து, பரீட்சை எழுதி எழுதி மேலே வந்தவள் அக்கா. இப்போது மூத்த ஆலோசகர். தனி அறை, மின்விசிறி, கதவில் பலகை எல்லாம் உண்டு. ஆபீஸில் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மூணு வழி அக்கா.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அமைச்சருக்கு எதை எழுதினாலும் மூன்று வழி எழுதுவாள். முதல் வழியைப் படித்தாலே எழுந்து ஓடத் தோன்றும். மூன்றாவது வழி கஜானாவையே துடைத்துவிடும். நடுவில் பதமாக ஒன்று இருக்கும். அவளுக்கு வேண்டியது அதுதான். பழைய அமைச்சர் முதலாவதுக்கு முகம் சுளிப்பார், மூன்றாவதுக்குத் தலையைச் சொறிவார், கடைசியில் நடுவில் வந்து இறங்குவார். தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு. இது ஏமாற்று ஆகாதா என்று அக்காவின் மனசாட்சி அவ்வப்போது கிள்ளும். "மூணு வழியையும் நீதானே காட்டுறே" என்று ஆண்டவன் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவாள்.

வீட்டில் இந்த வித்தை பலிக்காது. அவள் புருஷன் தையல்காரர். "என்னங்க, ஞாயித்துக்கிழமைக்கு மூணு வழி இருக்கு" என்று இவள் ஆரம்பிக்கும்போதே, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டாவது" என்பார்.

அந்த வருஷம் அக்கா மனசைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது ஜெயில் மனு பார்க்கும் அறையைத்தான். உள்ளே இருக்கிறவர்களைக் குடும்பத்தார் வந்து பார்க்கிற இடம். நடுவே அழுக்குக் கண்ணாடி, இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், நடுவில் சந்தைக்கடைச் சத்தம். ஒரு தடவை நேரில் போய் நின்றாள். ஒரு சின்னப் பெண் வாயை ஆவென்று திறந்து, விழுந்த பல்லின் ஓட்டையை அப்பனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பசி என்று நினைத்து அந்த மனுஷன் பதறுகிறான். "பல்லு! பல்லு!" என்று தாய்க்காரி கத்துவதற்குள் காவலர் மணியடித்துவிட்டார்.

அக்கா வந்து உட்கார்ந்து எழுதினாள். முதல் வழி: நேரில் பார்ப்பதையே நிறுத்திவிட்டு மாதம் ஒரு போன். இரண்டாவது: ஒரு மேஜையைச் சுற்றிக் குடும்பமாக ஒரு மணி நேரம். மூன்றாவது: காலை முதல் மாலை வரை, சாப்பாட்டோடு.

கோப்பு மேலே போன நேரம் பார்த்து அமைச்சர் மாறினார். புதியவர் முன்பு லாரி கம்பெனி நடத்தியவர். எதையும் சட்டென்று முடிக்கிற ஆள். மறுநாளே கோப்பு திரும்பி வந்தது. முதல் வழிக்குப் பக்கத்தில் பச்சை மையில் 'சரி'. கீழே கையெழுத்து. வெள்ளிக்கிழமை சட்டசபையில் அறிவிப்பாராம்.

அக்கா அந்தப் பச்சை மையை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். "என்னங்க, மூணு வழி இருக்கு."

"ரெண்டாவது."

"அட, காது குடுத்துக் கேளுங்க! புது அமைச்சர் முதல் வழிக்கே 'சரி' போட்டுட்டாரு. ஒண்ணு, தப்பா டைப் ஆயிடுச்சுன்னு சொல்லலாம். ரெண்டு, செலவுக் கணக்கு சரியில்லன்னு எதையாவது சொல்லி இழுத்தடிக்கலாம். மூணு, நேராப் போய் உண்மையச் சொல்லலாம்."

மிஷின் நின்றது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். "உனக்கு எது தோணுது?"

"எனக்கு பயமா இருக்கு."

படியில் உட்கார்ந்திருந்த நாத்தனார் விடுவாளா? "ஏன் அண்ணி, வேண்டாததை எழுதுவானேன்? பேய் வேஷம் போட்டு ஊரைப் பயமுறுத்துவீங்க. அந்தப் பேயையே ஒருத்தர் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா, அய்யய்யோன்னா ஆச்சா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆண்டவனைக் கூப்பிடலாமென்றால், மூணு வழியையும் அவன் தலையில் கட்டிய வாய் அது. கூப்பிட வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அமைச்சர் அறையில் போய் நின்றாள். அவர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த முதல் வழி வேண்டாங்க."

"நீங்க எழுதினதுதானே? கடையில நல்ல சரக்கைத்தானே முன்னால வைப்பாங்க?"

"அது சரக்கு இல்லீங்க ஐயா. சோளக்கொல்லை பொம்மை. அதைப் பார்த்து மிரண்டு நீங்க ரெண்டாவதுக்கு வருவீங்கன்னு வெச்சேன்."

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "அப்போ என்னைக் காக்கான்னு நினைச்சீங்களா?"

"ஐயா, நான் எழுதறப்போ நீங்க அமைச்சர் இல்லீங்க."

"ஓகோ! அப்போ முன்னால இருந்தவர்தான் காக்காவா?"

எந்தப் பக்கம் தலையாட்டினாலும் வம்பு. அக்கா டீயில் ஊறுகிற பிஸ்கட்டையே பார்த்தாள். அமைச்சருக்கு உதட்டோரம் துடித்தது. ஆனாலும் சிரிக்கவில்லை.

"கையெழுத்து போட்டாச்சும்மா. வந்த ஒரு வாரத்துல பேச்சு மாறினா சபையில என்னை வெச்சு செய்வாங்க. சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அதுக்கு மூணு விதமா..."

அவர் கையைத் தூக்கினார். அக்கா வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் தனக்கு வேண்டியதை நேராகக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"ஒரு மேஜை வேணும் ஐயா. சுத்தி உட்கார நாற்காலி வேணும். ஒரு மணி நேரம் அவங்க குடும்பமா இருக்கணும். தப்பு பண்ணினவருக்குத்தான் தண்டனை. அவர் புள்ளைங்களுக்கு நாம எந்தத் தண்டனையும் எழுதலியே."

அமைச்சர் ஊறிப்போன பிஸ்கட்டைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

"சபையில கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஆலோசகர் தப்பா யோசனை சொல்லிட்டார், நான் திருத்திட்டேன்னு சொல்லுங்க. கோப்பிலயும் அப்படியே எழுதித் தர்றேன்."

"உங்க பேருக்குக் கெடுதல் ஆச்சே. அடுத்த பதவி உயர்வு உங்களுக்குத்தான்னு கேள்விப்பட்டேன்."

"தெரியும் ஐயா." சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்துவிட்டாள்.

அவள் தன் கையாலேயே எழுதினாள். அமைச்சர் முதல் வழியை அடித்துவிட்டு இரண்டாவதுக்குப் பக்கத்தில் 'சரி' போட்டார். பதவி உயர்வு பக்கத்து அறைக்காரருக்குப் போனது. இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து, "மூணு எடுத்துக்கோங்க அக்கா" என்று நீட்டினார் அந்தப் புண்ணியவான். அக்கா ஒன்று எடுத்துக்கொண்டாள்.

புது முறைப்படி முதல் முதலாக மனு பார்க்கிற நாளன்று அக்கா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆரம்பத்தில் எல்லாரும் கல்யாண மேடையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி கூச்சத்தோடு நெளிந்தார்கள். பிறகு மூலை மேஜையில் ஒரு பெண்பிள்ளையின் குரல் எழும்பியது.

"கூரை ஒழுகுதுன்னு எத்தனை தடவ சொன்னேன்? உங்க தம்பி எட்டிப் பார்த்தானா?"

"என் தம்பியப் பத்திப் பேசாதே!"

"பேசுவேன்! உங்க அம்மாவப் பத்தியும் பேசுவேன்!"

காவலர் மணியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடிவந்தார். "அம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டை போடறாங்க. நேரத்த முடிச்சு அனுப்பிடட்டுமா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்து ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மடியில் ஏறியிருந்த பையன் அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பையனின் முதுகைச் சுற்றிய கையை மட்டும் அவன் எடுக்கவேயில்லை.

"மணியக் கீழ வைங்க" என்றாள் அக்கா. "இன்னும் மாமியார் பேச்சே முடியல."