கோலில் நிற்காத கிருஷ்ணராஜ்

கிருஷ்ணராஜ் கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்ட அணியின் கோல்கீப்பர். ஆனால் கோலில் நிற்க மாட்டார். எதிரணி பந்தோடு வந்தால் முன்னால் பாய்ந்து காலிலிருந்தே பறிப்பார். பறித்ததையும் உடனே உதைத்து அனுப்பாமல், இரண்டு பேரை ஏமாற்றிய பிறகுதான் கொடுப்பார்.

"கம்பத்துக்கு நடுவுல காத்துக்கிட்டு நின்னா கை நடுங்குது நானா. ஓடிப்போனா பயம் தெரியல" என்று பயிற்சியாளர் றம்ஸான் நானாவிடம் சொன்னார்.

பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் றம்ஸான், "நீ ஓடினா எனக்கு நடுங்குது தம்பி" என்றார்.

2019இல் இரத்தினபுரியில் அரையிறுதி. ஆட்டம் சமநிலையில் இருந்தபோது கிருஷ்ணராஜ் பந்தோடு நடுக்கோடு வரை போனார். அங்கே பந்தைப் பறித்தவன் நின்ற இடத்திலிருந்தே அடித்தான். ஆளில்லாத கோலுக்குள் பந்து உருண்டு போவதைத் துரத்திக்கொண்டே பார்த்தார். திரும்பி வந்த லொறியில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. றம்ஸான் அவரை அணியிலிருந்து நிறுத்தினார்.

நான்கு வருடம் அவர் மைதானத்துப் பக்கமே போகவில்லை. பிறகு புதிய கீப்பர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, றம்ஸானே அவர் குடியிருந்த லயத்துக்கு வந்தார்.

"கோலை விட்டு வரமாட்டேன்னு சொல்லு."

"சொன்னா பொய் நானா."

றம்ஸான், "சரி, வா" என்றார்.

அந்த வருட இறுதியாட்டத்தில் தோட்ட அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. கிருஷ்ணராஜ் இடது கம்பத்தை ஒட்டிப் போய் நின்றார். வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது.

"நடுவுக்கு வாங்கண்ணே!" என்று அணித்தலைவன் அப்லால் கத்தினான். அவர் அசையவில்லை.

அடிக்க வந்தவன் திறந்த பக்கத்தை ஒருமுறை பார்த்தான். அவன் கால் பந்தில் படுமுன்பே கிருஷ்ணராஜ் அந்தப் பக்கம் பாய்ந்தார். மணிக்கட்டில் பட்டு எழும்பிய பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார்.

"படு! எழும்பாத, அப்படியே படு!" என்று றம்ஸான் அலறினார்.

அவர் எழுந்தார். பந்தைக் காலில் போட்டு ஓடினார். ஒருவனைத் தாண்டினார், இன்னொருவனைத் தாண்டினார். பின்னால் கோல் வெறுமையாகக் கிடந்தது. நடுக்கோட்டருகே மூன்றாமவன் சறுக்கிக்கொண்டு வர, ஒரு கணம் முந்திப் பந்தைத் தன் அணியின் நிரஞ்சனிடம் தட்டிவிட்டார். நிரஞ்சன் நேரத்தைக் கடத்த மூலைக்கு ஓடினான். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

றம்ஸான் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அப்லால் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

அதன்பின் மாவட்ட அணி கிருஷ்ணராஜை அழைத்தது. கோல் கோட்டை விட்டு நகரக் கூடாது என்று அங்கே சொன்னார்கள். மூன்று ஆட்டம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே விலகி வந்தார்.

இப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. தோள் எலும்பு இரண்டு தடவை முறிந்திருக்கிறது. போன மாதம் கித்துல்கல அணியிடம் நான்கு கோல் வாங்கினார். அதில் இரண்டு, அவர் வெளியே ஓடியதால் விழுந்தவை. அடுத்த ஞாயிறும் அவரையே போட்டார்கள்.