துவைக்கிற கல்லுல போட்ட சிவப்பு மார்க்

இது நடந்தது 2006-ம் வருஷம். நாங்க அப்போ ஆரம்பாக்கத்துல, ரயில்வே லைனுக்கு அந்தாண்ட ஒரு தெருவுல குடியிருந்தோம். எங்க வீட்டுக்காரருக்கு கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்புக் கம்பெனியில ஷிப்ட் வேலை. நான் வாசல்லயே அடுப்பு வெச்சு காலையில இட்லி, பூரி போட்டு நாஷ்டா விப்பேன். தெருவை ஒட்டி இருந்த நெல்லு வயலை யாரோ வாங்கிட்டாங்க, பெரிய குடோன் வரப்போகுதுன்னு பேச்சு வந்ததும் எனக்கு ஒரே குஷி. கட்டட வேலைன்னா ஆளுங்க வருவாங்க, ஆளுங்க வந்தா இட்லி போவும். எனக்கு வேற இன்னா வேணும்?

நல்ல சித்திரை வெயில்ல முதல்ல வந்து எறங்கினவரு ஒரு சர்வேயரு. மூணு கால் ஸ்டாண்டு, அதுமேல ஒரு மிஷினு. இன்னொரு ஆள் கோடு கோடா போட்ட நீட்டுக் கட்டையைப் புடிச்சிக்கினு வயல்ல நிப்பாரு, இவரு ஒரு கண்ணை மூடிக்கினு அதைப் பார்ப்பாரு. முதல் நாள் தாகத்துக்குத் தண்ணி கேட்டு வந்தாரு. மறுநாள்லேர்ந்து நாஷ்டாவே எங்க வீட்டுலதான். என்னைவிட சின்னவரு. என்னை அக்கான்னாரு, நான் தம்பின்னேன். செவ்வாப்பேட்டையிலேர்ந்து ரயில் புடிச்சு, பேசின் பிரிட்ஜுல எறங்கி இந்த லைனுக்கு மாறி, கும்மிடிப்பூண்டியில எறங்கி பஸ் ஏறி வரணும். வந்து சேரும்போதே மனுஷன் பாதி செத்திருப்பாரு.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சும்மா இருக்க மாட்டேன். "வெறும் வயலை இவ்ளோ நாளா உத்து உத்துப் பாக்குறியே தம்பி, புதையல் கிதையல் தேடுறியா?"ன்னு கேட்டேன். சிரிச்சிட்டாரு. "மழைத்தண்ணிக்கு வழி தேடுறேன்க்கா. இங்க கட்டடமும் சிமென்ட் தரையும் வந்துட்டா தண்ணி பழையபடி பூமிக்குள்ள எறங்காது. அது எந்தப் பக்கம் போவணும், காவாய்க்கு எவ்ளோ சாய்வு குடுக்கணும்னு பிளான் போட்டுக் குடுக்குறதுதான் எங்க ஆபீஸு வேலை"ன்னாரு. கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பிளானைக் கொண்டாந்து எங்க கட்டில்மேல விரிச்சுக் காட்டினாரு. எங்க பார்த்தாலும் சின்னச் சின்ன அம்பா இருந்துச்சு. தண்ணி அந்த அம்பு காட்டுற பக்கம் போகுமாம்.

"எல்லாம் சரி, எங்க தெருத் தண்ணி எங்க போவும்? வயலு இருந்தவரைக்கும் அதுக்குள்ள போச்சு. இப்போ நீங்க செவுரு கட்டிட்டா எங்க ஊட்டுக்குள்ளதான வரும்?"னு கேட்டேன். மறுநாள் மிஷினைத் தூக்கிக்கினு வந்து எங்க தெரு முழுக்க அளந்தாரு. அடுத்த வாட்டி கொண்டாந்த பிளான்ல காவாயை எங்க தெருப் பக்கமா வளைச்சு, ரெண்டு தண்ணியும் சேர்ந்து பின்னாடி ஓடைக்குப் போற மாதிரி போட்டிருந்தாரு. யாரும் அவரைச் செய்யச் சொல்லல. அன்னைக்கே எனக்கு அவரு சொந்தத் தம்பி மாதிரி ஆயிட்டாரு.

ரொம்ப நாள் வேலையில்லாம வீட்டுல உக்காந்திருந்தவராம். பொஞ்சாதி மாசமா இருந்தாங்க. இந்தப் பிளான்தான் அவரு முழுசா தனியா போடுற முதல் பிளானாம். "இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா வேலையை நிரந்தரமாக்குறேன்னு எங்க முதலாளி சொல்லியிருக்காருக்கா"ன்னு சொல்லும்போது முகத்துல அப்படி ஒரு பிரகாசம். நானும் எங்க தெரு மாரியாத்தாவுக்கு வேண்டிக்கினேன்.

இப்போ அந்தக் கல்லு சமாச்சாரத்துக்கு வரேன். எங்க வாசல்ல குழாய்க்குப் பக்கத்துல பெரிய கருங்கல்லு ஒண்ணு கெடந்துச்சு. அதுலதான் துணி துவைப்பேன். ஒரு ஆளால அசைக்க முடியாது. அளவெடுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே அவரு அந்தக் கல்லு ஓரத்துல சிவப்பு பெயின்ட்டால ஒரு மார்க் போட்டுட்டாரு. "அக்கா, இந்த பெயின்ட் அழியாம பாத்துக்கோங்க. இது போச்சுன்னா என் பொழப்பே போச்சு"ன்னு சிரிச்சிக்கினே சொன்னாரு.

அவ்ளோதானே, நான் பாத்துக்க மாட்டேனா? அந்த மூலையில பிரஷ் படாம துவைச்சேன். பசங்க அந்தக் கல்லுல உக்காந்தா தொரத்துவேன். பக்கத்து வீட்டுக்காரம்மா, "இன்னாடி, கல்லுக்குக் காவல் வேலையா?"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. "ஆமா, கவருமென்ட்டு உத்தியோகம்"னுவேன். அந்த மார்க் எதுக்குன்னு மட்டும் நான் கேட்கவே இல்ல. எதையெதையோ கேட்டவ, அதைக் கேட்கலயே!

அளவு வேலை முடிஞ்சு அவரு ஆபீஸுக்குப் போயிட்டாரு. குடோனுக்குத் தரை போட்டாங்க, மேல தகரச் செட்டு ஏறுச்சு. மண்ணு அடிக்கிற லாரிங்க எங்க தெரு வழியாவே போய் வந்து, வாசல் பூரா ஒரே சேறு. துவைச்ச துணியில எல்லாம் சேறு தெறிக்கும். பேஜாரு தாங்கல. வீட்டுக்காரரும் என் கொழுந்தனும் ஒரு ஞாயித்துக்கிழமை கடப்பாரையைப் போட்டு அந்தக் கல்லை நெம்பித் தூக்கி, அடியில செங்கல்லை அடுக்கி, அதே எடத்துல அரை அடி ஒசரமா உக்கார வெச்சாங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கினு, "பெயின்ட்டு, பெயின்ட்டு, கடப்பாரை படாம பாத்து!"ன்னு கத்திக்கினே இருந்தேன். ஒரு துணியைச் சுத்தி மார்க்கை மூடியும் வெச்சிருந்தேன். வேலை முடிஞ்சு துணியை அவிழ்த்துப் பார்த்தா, சிவப்பு அப்படியே பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்கு அவ்ளோ பெருமை.

அதுக்கப்புறம்தான் காண்ட்ராக்டரு ஆளுங்க காவா கட்ட வந்தாங்க. மேஸ்திரி அவங்க மிஷினைக் கொண்டாந்து எங்க கல்லு மார்க்லேர்ந்துதான் அளவு எடுத்தாரு. அவரு அந்தக் கல்லை அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. நான்தான், "இது சர்வேயர் தம்பி போட்ட மார்க், ஒண்ணும் அழியல, நல்லா பாத்துக்கங்க"ன்னு பெருமையா காட்டினேன்.

ஐப்பசி மழை புடிச்சுது. ஒரு ராத்திரி கொட்டினதுல காலையில குடோனுக்குள்ள கணுக்கால் தண்ணி. அட்டைப்பெட்டி எல்லாம் ஊறிப்போய் கெடக்குது. வேடிக்கை இன்னான்னா, பக்கத்துலயே காவா பொட்டுத் தண்ணி ஏறாம சும்மா கெடக்குது! தெரு சனமே வந்து பார்த்துட்டுப் போச்சு.

அன்னைக்கே நம்ம தம்பி வந்துட்டாரு. முகத்துல ஈயாடல. மழைத் தூறல்லயே குடோனைச் சுத்தினாரு, காவாயைச் சுத்தினாரு, கடைசியா எங்க வாசலுக்கு வந்து கல்லாண்ட நின்னாரு. குனிஞ்சு அடியில இருந்த செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாரு. "டீ குடி தம்பி"ன்னேன். "அப்புறமா குடிக்கிறேன்க்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு அப்பவும் ஒண்ணும் புரியல.

கொஞ்ச நேரத்துல காருங்க வந்துச்சு. குடோன்காரங்க, காண்ட்ராக்டரு, அப்புறம் தம்பியோட ஆபீஸ் முதலாளி. செட்டு ஓரமா நின்னு ஒருத்தரை ஒருத்தர் கத்துறாங்க. நான் டீ கொண்டு போனேன். காண்ட்ராக்டரு, "பிளானே தப்பு"ன்னாரு. முதலாளி, "பிளான்ல ஒரு தப்பும் இல்ல, உங்க மேஸ்திரி ஒழுங்கா லெவல் பாக்கல"ன்னாரு. மேஸ்திரி கையைக் கட்டிக்கினு, "நைனா, நான் சிவப்பு மார்க்லேர்ந்துதான் அளந்தேன்"னாரு. அதுக்கு முதலாளி, "அப்புறம் எப்படிய்யா காவா அரை அடி ஒசந்துச்சு? மார்க்கு என்னா எழுந்து நின்னுச்சா?"ன்னாரு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவங்களுக்கு வேண்டியது பெயின்ட்டு இல்ல, அந்தக் கல்லு இருந்த ஒசரம்! எல்லா அளவுக்கும் அதுதான் ஆரம்பம். அதைத்தான் நாங்க கடப்பாரை போட்டு மேல தூக்கி வெச்சிருக்கோம்.

தம்பி ஓரமா நின்னுக்கினு இருந்தாரு. அவரு வேலை போயிடுமேன்னு எனக்குப் பயம். வாயைத் தொறந்தேன். அவரு என்னைப் பார்த்து லேசா தலையை ஆட்டினாரு. பயத்துல ஆடுதுன்னு நான் நினைச்சுக்கினேன். "சார், அந்தத் தம்பி மேல எந்தத் தப்பும் இல்ல. கல்லைத் தூக்கி வெச்சது நாங்கதான். இன்னா வேணா எங்களைக் கேளுங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

முதலாளி, "எந்தக் கல்லும்மா?"ன்னாரு. நான் ஏதோ பெரிய உதவி பண்ற மாதிரி எல்லாரையும் எங்க வாசலுக்கே கூட்டிக்கினு போனேன். காலையில ஊற வெச்ச சட்டை அதுமேல கெடந்துச்சு, சோப்பு நுரை வழியுது. முதலாளி அதைப் பார்த்தாரு, தம்பியைப் பார்த்தாரு. "சைட்டுக்குள்ள காங்கிரீட் தூணு கட்டி, அதுலதான் மார்க் போட்டிருக்கேன்னு என்கிட்ட சொன்னியே. இதான் அந்தத் தூணா?"ன்னு கேட்டாரு. காண்ட்ராக்டரு ஆளுங்க சிரிச்சாங்க. தம்பி தலையைக் குனிஞ்சிக்கினாரு.

அப்புறம்தான் எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. அசையாத தூணு கட்டித்தான் அந்த மார்க் போடணுமாம். அன்னைக்கு சிமென்ட் வரல, அதுவரைக்கும் இருக்கட்டும்னு எங்க கல்லுல போட்டிருக்காரு. அப்புறம் வேலை ஓட்டத்துல அது அப்படியே நின்னுபோச்சு. ஆபீஸ்ல கேட்டப்போ கட்டியாச்சுன்னு சொல்லிட்டாரு, கட்டிடலாம்ங்குற நம்பிக்கையில. எல்லார் முன்னாடியும், அதுவும் சண்டை போடுற எதிராளி முன்னாடி அது வெளிய வந்ததைத்தான் அவங்க முதலாளியால பொறுக்க முடியல. "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்"னு அங்கயே சொல்லிட்டு கார்ல ஏறிட்டாரு.

நான் பின்னாலயே ஓடினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணாடியை ஏத்திட்டாரு.

தம்பி பையை எடுக்க எங்க வீட்டுக்கு வந்தாரு. நான் தலையில அடிச்சுக்கினு அழுதேன். "ஐயோ தம்பி, என் வாயி அழுகிப் போவ! உன்னைக் காப்பாத்தணும்னுதான் சொன்னேன்"னேன். "அழாதீங்கக்கா. நீங்க நல்லதுதான் நினைச்சீங்க"ன்னாரு. பையைத் தோள்ல மாட்டிக்கினாரு. அப்புறம் சொன்னாரு: "காலையில கல்லைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அவங்க எல்லாம் போனதும் சார்கிட்ட தனியா ஒத்துக்கலாம்னு இருந்தேன். திட்டுவாரு, ஆனா வெச்சுக்குவாரு. நாம போய் சொல்றது வேற, மாட்டிக்கினு நிக்கிறது வேற இல்லக்கா?" கோவமா சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். பொறுமையா, எனக்குப் புரியுற மாதிரி சொன்னாரு. டீயைக் குடிக்காமலே பஸ்ஸுக்கு நடந்துட்டாரு.

அதுக்கப்புறம் புதுசா தூணு கட்டி, காவாயை ஒடைச்சு எறக்கிக் கட்டினாங்க. அவரு போட்ட பிளான்ல ஒரு கோடுகூட மாத்தலன்னு மேஸ்திரி சொன்னாரு. அடுத்த மழைக்குத் தண்ணி எங்க தெருவுல நிக்கல, சல்லுன்னு ஓடைக்குப் போச்சு. தெருவுல எல்லாரும் குடோன்காரங்களைப் புகழ்ந்தாங்க. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

எங்க வீட்டுக்காரரு கம்பெனியில சூப்பர்வைசர் வேலைக்கு ஒருத்தர் வேணும்னு கேட்டாங்க. தம்பியோட படிப்புக்கு அந்த வேலையைக் குடுப்பாங்களாம். தம்பி முன்னாடி இருந்த ஆபீஸுக்கு போன் போட்டா, அட்ரஸ் தர முடியாதுன்னுட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் செவ்வாப்பேட்டைக்குப் போய் ஸ்டேஷன்லயும் டீக்கடையிலயும் விசாரிச்சோம். "சர்வே வேலை பாக்குறவரு, பொஞ்சாதி மாசமா இருக்காங்க"ன்னு சொன்னா யாருக்குத் தெரியும்? தம்பி தம்பின்னே கூப்பிட்டு, பேரைக்கூட நான் கேட்டு வெச்சுக்கல. புள்ளை பொறந்திருக்குமா, ஆணா பொண்ணான்னு பேசிக்கினே ரயில்ல திரும்பி வந்தோம்.

உண்மையைச் சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல. நான் சொல்லாம இருந்திருந்தா பாவம், அந்த மேஸ்திரி தலையில விழுந்திருக்கும். ஆனா தம்பியைத் தனியா கூப்பிட்டு, "தம்பி, நாங்க கல்லைத் தூக்கிட்டோம், இன்னா பண்ணலாம்?"னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரு வாயால வர வேண்டியதை நான் முந்திக்கினு சொல்லிட்டேன். இப்பல்லாம் யாருக்காவது பரிஞ்சு பேச வாய் வந்தா, முதல்ல அவங்ககிட்ட போய், "உனக்காக நான் பேசட்டுமா?"ன்னு கேட்டுக்குறேன். அப்படிக் கேட்கும்போதெல்லாம், கேட்காம விட்ட அந்த ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்குற மாதிரியே இருக்குது.