படகில் ஏறிய யப்பான் பெயர்

பெயர் எழுதுகிற தொழிலில் கடைசியில் பெயர் கெடுவது எழுதினவனுக்குத்தான். ஓட்டோ, லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், படகு என்று வன்னி முழுக்கத் தூரிகையோடு திரிகிறவன் நான். முரசுமோட்டையில் ஒரு லாண்ட்மாஸ்டருக்குச் 'சிங்கம்' என்று எழுதின அன்று, பக்கத்து வளவு மாடுகள் கயிறறுத்துக்கொண்டு பூநகரி வரைக்கும் ஓடின. நம்பாதவர்கள் மாடுகளைக் கேட்கலாம். உங்களுக்கும் ஆரோ ஒரு பெயரை வைத்துவிட்டுக் கருத்தைச் சொல்லாமல் போயிருப்பார்கள். ஆகவே நீங்களும் என் கூட்டம்தான்.

இப்போது பெடியளுக்கு யப்பான் படக்கதைப் பெயர்கள்தான் வேண்டும். பேயும் வாளும் பறக்கிற மீனும் வருகிற மாயக்கதைகள். நான் எழுதிக்கொண்டே கருத்துக் கேட்பேன். கேட்காமல் எழுதினால் தூரிகை நடுங்கும்.

மூன்று மரம்

கிளிநொச்சியில் ஓட்டோ ஓடுகிற மயூரன் 'மோரி' என்று எழுதச் சொன்னான். தண்ணி போகிற மோரியா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு ஃபோனைக் காட்டினான். படக்கதை வீரன் ஒருவனின் பெயராம். எழுத்தைப் பார்த்தால் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று மரம் நிற்கிறது. ஒரு மரம் போட்டால் மரம், இரண்டு போட்டால் தோப்பு, மூன்று போட்டால் காடு. அந்தக் கதையில் காடு முழுக்க எரிந்துபோக, மிஞ்சின காடு அந்தப் பெடியனின் பெயரில் மட்டும்தான் இருக்கிறதாம்.

எங்கட எழுத்து வாய்க்குச் சத்தத்தைச் சொல்லும். அவர்களின் எழுத்து கண்ணுக்குப் பொருளையே காட்டுகிறது. ஆசையில் நாலாவது மரமும் கீறட்டோ என்று கேட்டேன். மயூரன் தூரிகையைப் பிடித்துக்கொண்டான்: "வேண்டாமப்பு! நாலு மரத்தைக் கண்டால் வனத்திணைக்களக்காரர் எல்லைக்கல்லோட வந்து, ஓட்டோவும் காடு எண்டு சொல்லிப்போடுவாங்கள்."

மலைக்குக் கீழே காற்று

அந்த ஓட்டோவைப் பார்த்துவிட்டு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து அன்ரன் என்னைக் கூப்பிட்டான். புதுப் படகு. ஞாயிறு பூசை முடிய மாதா கோயில் சுவாமி வந்து தீர்த்தம் தெளிப்பார். அதற்குள் பெயர் எழுதவேண்டும். அவன் கேட்ட பெயர் 'அராஷி'. மேலே மலை, கீழே காற்று; இரண்டும் சேர்ந்தால் புயல். கதையில் அவன் நல்ல பெடியன். அவனுக்கு ஏன் புயல் என்று பெயர்? அது முதல் புத்தகத்தில்தான் இருக்கிறதாம். பிரான்ஸிலிருந்து மச்சான் அனுப்பின அந்தப் புத்தகம் அன்று காலைதான் வந்தது. அன்ரன் அதை என் கையில் தந்துவிட்டு எஞ்சின் எடுக்கப் போய்விட்டான்.

அவனுடைய தாய் பிலோமினா தேத்தண்ணியோடு வந்தா. புருஷனைப் புயலுக்குக் குடுத்த மனிசி. "என்ன கருத்து அண்ணை?" என்று கேட்டா. பிரெஞ்சு எனக்கு வராது. படத்தைப் பார்த்தே சொன்னேன். தகப்பன் வாசலில் பெயரை எழுதுகிறான். அடுத்த படத்தில் கடல் பேய்கள் வீட்டைச் சுற்றி நிற்கின்றன. சும்மா சொன்னால் சப்பென்று இருக்குமே! பேய்களுக்கு ஆளுக்கொரு சுறாப் பல்லை வைத்து, வாலையும் ஒட்டிச் சொன்னேன்.

அன்ரன் எஞ்சினோடு திரும்பி வரும்போது தாய் படகுக்கு முன்னால் நின்றா. அந்தோனியார் பெயர் இல்லாட்டி படகு இறங்காது. அவனும் விடவில்லை: அராஷி இல்லாட்டி படகை வித்துப்போட்டுத் தானும் மச்சானிட்டைப் போறானாம். பிலோமினா என் பக்கம் திரும்பினா: "பேயைக் கூப்பிடுற பெயரை எழுதினீங்களெண்டால், உங்கட தூரிகையால உங்களுக்கே மீசை கீறிவிடுவன்!"

ரஷீத் நானாவின் விரல்

அந்தோனியாருக்கு வெள்ளைப் பெயின்ற் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ரஷீத் நானா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிரெஞ்சு அவருக்கும் தெரியாது. ஆனால் புத்தகத்தைத் திருப்பி, நான் கடைசி என்று நினைத்த பக்கத்திலிருந்து தொடங்கி, வலப்பக்கத்தால் விரலை ஓட்டிக்கொண்டு போனார்.

வாசிப்பு மாறினவுடன் கதை மாறிப்போச்சு. முதலில் பேய்கள் பிள்ளையைத் தேடி வந்து வீட்டைச் சுற்றி நிற்கின்றன. பிறகுதான் தகப்பன் பெயரை எழுதுகிறான். புயல் என்ற அந்தப் பெயரைக் கண்டதும், இது எங்கட இனத்து ஆள் என்று பேய்கள் கும்பிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ரஷீத் நானா பெயின்ற் பேணியை நீட்டினார்: "நாங்க சின்னனில பள்ளியில குர்ஆன் ஓதினதே வலமிருந்துதான். நீங்க பேயைப் பின்பக்கத்தால கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீங்க அண்ணை."

தவிட்டுப் பிள்ளை

சைக்கிளை மிதித்த மிதியில் செயின் உருகிப்போச்சு. பிலோமினாவுக்குப் புத்தகத்தை வலமிருந்து காட்டினேன். இந்தமுறை ஒரு வாலும் ஒட்டவில்லை. அவா கும்பிடுகிற பேய்களில் விரலை வைத்தா.

"எனக்கு முதல் ரெண்டு பிள்ளையும் தங்கேல்லை அண்ணை," என்றா. "இவன் பிறந்தவுடன அயல் மனிசிக்கு ஒரு சுளகு தவிட்டுக்கு வித்து, பிறகு வாங்கி, பிச்சை எண்டு கூப்பிட்டனான். சாவு வந்து எட்டிப் பாத்தாலும், இது ஆரோ வேண்டாமெண்டு விட்டது எண்டு போகட்டுமெண்டு. ஞானஸ்நானப் பெயரைப் பிறகுதான் வெளியில சொன்னது. யப்பானிலயும் என்னைப்போல ஒருத்தி இருந்திருக்கிறாள் போல."

அன்ரன் தாயை இன்றைக்குத்தான் காண்கிறவன் மாதிரிப் பார்த்தான். "அப்ப அம்மா, நானும் ஒரு படக்கதை ஆளோ?" என்றான். "போடா பிச்சை!" என்று அவனுடைய தலையில் குட்டிவிட்டு, அவா படகை ஒருமுறை சுற்றி வந்தா. பிறகு எனக்கு வேலையைப் பிரித்துத் தந்தா: "கடல் பக்கம் மலையையும் காத்தையும் கீறுங்கோ, அது புயல் வாசிக்க. கரைப் பக்கம் தமிழில அந்தோனியார், அது சுவாமி வாசிக்க. சுவாமி மற்றப் பக்கம் போகாமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்றிலிருந்து ஆர் புதுப் பெயரோடு வந்தாலும் நான் கருத்துக் கேட்பதில்லை, ஆரை ஏமாத்தப் போறியள் என்றுதான் கேட்கிறேன்.