அந்தோனியம்மாவின் பச்சைக் கோடு

மலை ஏறி இறங்கி வேலை செய்கிற ஒருத்திக்கு உடம்பில் சீனி குறையவில்லை என்றால், அவள் ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்றுதான் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் சொல்வார்கள். அந்தோனியம்மாவையும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் என் தம்பி ஜோனின் பெண்டாட்டி. கஹவத்தைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று என் மூக்குக்குத் தெரியும், அவள் ஒளித்துத் தின்கிறவள் இல்லை என்பதும் தெரியும். பிறகு எப்படிச் சீனி ஏறுகிறது? யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துபோனது.

விஷயம் விளையாட்டும் இல்லை. அவளுக்கு வலது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. பால் வெட்டுவதென்றால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம். காயத்தைக் கண்டால் கங்காணி எழுதிக்கொள்வார். அது சேர்ந்துபோனால் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு புல் வெட்ட அனுப்பிவிடுவார்கள். பால் வெட்டு ஒன்றைத்தான் அவள் தன் வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரி டொக்டர் ஒப்பரேஷன் செய்யத் தயார்தான். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "சீனி வெடியி அம்மே" என்று சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டிவிட்டார். கூடிப்போயிருக்கிறதாம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சாப்பாட்டைக் குறைத்து, சீனியை இறக்கிக்கொண்டு வந்தால்தான் கண்ணில் கை வைப்பாராம்.

அவர்கள் மகள் சரோன் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். விஷயம் தெரிந்ததும் கையில் கட்டுகிற ஒரு வாட்ச் வாங்கி வந்தாள். அம்மா எவ்வளவு நடக்கிறாள், உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஃபோனில் ஒரு பச்சைக் கோடு. சாப்பிட்டதைப் போட்டால் கோடு குறையும், வேலை செய்தால் வளரும்.

"பச்ச இருக்கிற வரைக்கும் சாப்பிடலாம்மா. முடிஞ்சா வாயக் கட்டிக்கணும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஃபோனுக்குப் பொறுப்பு என் தம்பி. ஃபெக்டரியில் வேலை, கொஞ்சம் இங்கிலிஷ் எழுத்துக் கூட்டுவான், அதற்கே துரை மாதிரி நடப்பான். பின்னேரம் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி என்ன தின்றாள் என்று கேட்டுக் கேட்டுப் போடுவான். பிறகு அவள் மலை ஏறியதையும் பால் வாளி தூக்கி இறங்கியதையும் போடுவான். கோடு கிடுகிடு என்று வளரும்.

"பாத்தியா, இன்னும் ரெண்டு ரொட்டி திங்கலாம்" என்பான்.

"வயிறு நெறஞ்சிருச்சுங்க."

"ஒழச்சது யாரு? நீதானே? தின்னு!"

அவள் தின்றாள். ஃபோனே உத்தரவு கொடுத்த பிறகு நான் யார் சொல்வதற்கு? அடுத்த கிளினிக்கில் சீனி இன்னும் கூடியிருந்தது. டொக்டர் திட்டினார். வந்து படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"எனக்கு ஒன்னுமே புரியல அண்ணி. ஃபோன் சாப்பிடுங்குது, டொக்டர் சாப்பிடாதேங்குறார். நான் யார் பேச்சக் கேக்குறது?"

மாத்திரையில் கோளாறோ, வாட்சில் கோளாறோ, யாராவது கண் வைத்துவிட்டார்களோ என்று நான் கண்டதையும் நினைத்தேன். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கூட நேர்ந்துகொண்டேன்.

"ஒன்னு மட்டும் ஆறுதல்" என்றாள் அவள். "கங்காணி இன்னும் என் மேல காயம் ஒன்னுகூட எழுதல. கண்ணு மங்கினாலும் கை பழகிருச்சு போல."

எங்கள் கங்காணி அழகமுத்து சிரிக்கத் தெரியாத மனுஷன். பாலில் கொஞ்சம் குறைந்தாலும் அரைப் பேர் போட்டுவிடுவார். பேர் என்றால் அன்றைய வேலை கணக்கில் ஏறுவது. எழுதாவிட்டால் வேலை செய்ததே இல்லை என்றாகிவிடும். அதனால் பேர் விழுந்ததா என்று பார்க்காமல் இங்கே ஒருத்தரும் வீட்டுக்கு வருவதில்லை. அந்தோனியம்மாவும் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். அப்படிப்பட்டவர் எழுதவில்லை என்றால் அவள் வெட்டு சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நானும் நம்பினேன்.

ஒருநாள் வாட்சை சார்ஜில் போட்டவள் மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பின்னேரம் ஜோன் வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஐயோ, குதித்தான் பாருங்கள்!

"அதே மல, அதே மரம்! கோடு பாதிதான் இருக்கு! அரப் பேரு போட்டுருச்சே இந்தச் சனியன்!"

சுவர் அதிர்ந்தது. நான் ஓடினேன். அவன் ஃபோனைத் தட்டுகிறான், உதறுகிறான். அந்தோனியம்மா மட்டும் அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்தாள். மறுநாள் வாட்சைக் கட்டிக்கொண்டு போய் வந்து, "இன்னைக்கு நீங்க வேலையப் போடாதீங்க. சாப்பாட்ட மட்டும் போட்டுட்டுத் தொறந்து காட்டுங்க" என்றாள்.

காட்டினான். அன்றைக்கும் கோடு பாதி. முந்திய நாள் இருந்த அதே நீளம்.

இன்னும் குழம்பிப்போனதுதான் மிச்சம். அப்புறம் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கர்த்தரே! வாட்ச் இல்லாம நீங்க எழுதினாலும் பாதி. நீங்க எழுதாம வாட்ச் எழுதினாலும் பாதி. அப்ப இத்தன நாளா ரெண்டு பேருமா எழுதியிருக்கீங்க! ஒரே வேலைய அது ஒருக்கா, நீங்க ஒருக்கா!"

சரோனைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஐயோ அப்பா! கட்டியிருந்தா அதுவே போட்டுக்கும். மறந்துட்டுப் போன அன்னைக்கு மட்டுந்தான் நீங்க போடணும். நான் சொல்லலியா?" என்றாள். சொன்னாளா இல்லையா என்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"சொல்லாத வேலைக்கு எவன் பேர் போடுவான்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தான் என் தம்பி. அவனைத் திட்ட வாயெடுத்த நான் திட்டவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். அந்தோனியம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"எத்தனையோ நாளு ஒழச்சும் பேர் விழாம வந்திருக்கேன் அண்ணி. இப்பதான் ஒரு வேலைக்கு ரெண்டு பேரா விழுந்துச்சு, அதுவும் என் கண்ணுக்கே ஒலையா வந்துச்சே!"

அன்றிலிருந்து ஜோன் வேலையைத் தொடுவதில்லை. கை துருதுருக்கும், நான் முறைப்பேன். ரொட்டி குறைந்தது, சீனியும் இறங்கியது. டொக்டர் சிரித்தபடி நாள் கொடுத்தார். ஒப்பரேஷன் முடிந்து, வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லும்வரை அவளை வீட்டுக் காம்பராவை விட்டு நாங்கள் அசையவிடவில்லை.

முதல் நாள் எங்கேயாவது விழுந்து தொலைப்பாளோ என்று நானும் கூடப் போனேன். அவள் தன் முதல் மரத்தின் முன்னே நின்றாள். பட்டையைத் தடவினாள். அடுத்த மரத்துக்கு ஓடினாள், அதற்கடுத்ததற்கும் ஓடினாள். மரத்துக்கு மரம் காயம். கட்டி கட்டியாகப் புடைத்து, ஆறியும் ஆறாமலும் கிடந்தன.

கங்காணி அந்தப் பக்கமாக வந்தார்.

"இதெல்லாம் நான் வெட்டினதா? நீங்க ஒன்னுகூட எழுதலியேங்க?"

அழகமுத்து மரத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியிறதில்ல புள்ள" என்றார். இரண்டு அடி நடந்தவர், தூரத்து வரிசையைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், அங்க கடைசி மரத்துல பால் செரட்ட சாஞ்சிருக்கு, நிமித்தி வை!"

அந்தோனியம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். ஒப்பரேஷன் செய்த கண்ணுடி, அழாதே என்று நான் கத்தினேன். அவள் கேட்கவில்லை.