மூச்சுவிடும் சோளம்

ஆவுடைத்தாய்க்குக் குழி என்றால் பயம். விளாத்திகுளத்துப் பக்கம் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து, பூமிக்குள் தோண்டிய தானியக் குழிகளில் இறங்கிச் சோளம் அள்ளிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஒல்லி உடம்பு, குறுகின குழிவாய்க்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். சிரித்துக்கொண்டேதான் இறங்குவாள், பயத்தை யாருக்கும் காட்டமாட்டாள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. குழிக்குச் சொந்தக்காரரான சோலைச்சாமி, சரியாகக் காயாத சோளத்தைக் குழியில் கொட்டி மூடிவிட்டார். சித்திரையில் திறந்தபோது புளித்த வாடை வந்தது. ஆவுடைத்தாய் ஓரடி பின்வாங்கினாள்.

கூட வந்த நாத்தனார் ராதாமணி சேலையை வரிந்து கட்டினாள். "இன்னிக்கு நான் இறங்குதேன் மதினி. நீங்க பயந்து சாவுதது எனக்குத் தெரியாதாக்கும்?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. அண்ணாச்சி காதுல விழப்போவுது."

ஆவுடைத்தாய் தடுத்திருக்கலாம். தப்பித்தோம் என்றிருந்தது.

உள்ளே காற்று நல்லதா என்று பார்க்க, சோலைச்சாமி வழக்கப்படி கயிற்றில் விளக்கை இறக்கினார். சோளத்துக்கு இரண்டு முழம் மேலேயே நிறுத்தினார். சுடர் அசையாமல் எரிந்தது.

"இன்னும் தாழ விடுங்க அண்ணாச்சி" என்றாள் ஆவுடைத்தாய்.

"லட்சுமி மேல தீயை வைக்கச் சொல்லுதியா? அதான் நின்னு எரியுதுல்லா."

ஊர் முழுக்க அதுதான் முறை. தானியத்தில் தீ படக்கூடாது.

ராதாமணி சுவரில் குடைந்த காற்பிடிகளில் கால் வைத்து இறங்கினாள். "கால் சுடுது மதினி!" என்று சிரித்தாள். ஓலைப்பெட்டியில் சோளம் அள்ளக் குனிந்தாள். நிமிரவில்லை.

"ராதா! ஏட்டி ராதா!"

ஒவ்வொரு சோளமணியும் உயிரோடுதான் இருக்கிறது. செடி வெயிலிடமிருந்து வாங்கிய சக்தியை, முளைக்கப்போகும் கருவுக்குச் சோறாக, மாவாக்கி வைத்திருக்கிறது. காய்ந்த மணி அதைத் தொடுவதே அபூர்வம். ஈரம் பட்டால் உயிரணுக்கள் விழித்துக்கொள்ளும். மாவைச் சர்க்கரையாக உடைத்து, காற்றின் பிராணவாயுவைச் சேர்த்து, சுடரில்லாமல் கொஞ்சங்கொஞ்சமாக எரிக்கும். வெளிப்படும் சக்தியில் ஒரு பங்கு உயிருக்குப் போகும், மிச்சம் சூடாக வெளியேறும். நாம் வெளிவிடுகிற அதே கரியமில வாயுவை அதுவும் வெளிவிடும். அது காற்றைவிடக் கனம். குழியின் அடியில் தண்ணீர்போலத் தங்கும். நின்றவள் தலை மேலே இருந்தது. குனிந்தவள் அதற்குள் முங்கிவிட்டாள்.

ஆவுடைத்தாய்க்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே மூச்சுவிட்டால் தானும் விழவேண்டியதுதான். கிணற்றில் முங்குகிறவளைப்போல நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கினாள். பாதத்தின் கீழே சோளம், காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பாய்க் கொதித்தது. சோலைச்சாமி மேலிருந்து விட்ட கயிற்றை ராதாமணியின் அக்குளில் கட்டினாள். முடிச்சு நழுவியது. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. மறுபடி கட்டி, கயிற்றை உலுக்கினாள். மேலே இழுபட்ட உடம்பின் பின்னாலேயே ஏறி வாய்க்கு வெளியே விழுந்தாள்.

ராதாமணி வெகுநேரம் கழித்து இருமினாள். அதுவரை ஆவுடைத்தாய் அவள் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த குழி வாயில் சோலைச்சாமி விளக்கை நீட்டியபோது, கயிற்றை ஆவுடைத்தாயே பிடுங்கிக்கொண்டாள். குனிகிறவள் முகம் போகிற ஆழத்துக்கு விளக்கை இறக்கி, சோளத்தின் மேலேயே உட்கார வைத்தாள்.

"ஏ, தீட்டாக்கிட்டியே!"

"லட்சுமி எங்கிட்ட கேக்கட்டும் அண்ணாச்சி."

சுடர் சுருங்கி, நீலமாகி, அணைந்தது. "எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. இதுல யாரும் இறங்கவேண்டாம்" என்றாள் ஆவுடைத்தாய். இந்தத் தடவை பயத்தை மறைக்கவில்லை.