ருசி பார்க்காமல் செய்த சாக்லேட்

என் மகளின் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் தேங்காய் பர்பி செய்வது நான்தான். அவள் எல்.கே.ஜி. போன நாளிலிருந்து அதுதான் வழக்கம். காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ருசி பார்க்காமல் கிளறி இறக்குவேன். எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சாமி அலமாரியில் பிள்ளையாருக்கு வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் அது டப்பாவில் ஏறிப் பள்ளிக்கூடம் போகும். சாமிக்கு வைப்பதை முன்னாடியே நாக்கில் வைத்தால் எச்சில். சர்க்கரை போதுமா போதாதா என்பதைக் கண்ணும் மூக்கும் கையும்தான் சொல்லணும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். என்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிந்த ஒரே வித்தை அதுதான்.

இந்த வருஷம் அவள் வந்து நின்றாள்.

"ம்மா, பர்பி வேணாம்மா. சித்தி ஊருக்குப் போனா நாமளே சாக்லேட் செய்யலாமாம். அதை ஸ்கூலுக்குக் கொண்டு போறேன்."

சித்தி என்றால் என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் மனைவி. அடையாறில் ஃப்ளாட், ஏ.சி. ஆபீசில் வேலை, ஸ்கூட்டரில் வருவாள் போவாள். பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறார்கள். வெளியூர் ஆட்களை வரவழைத்து, பழம் உடைப்பதிலிருந்து சாக்லேட் வார்ப்பது வரை அவரவர் கையாலேயே செய்யவிடுகிறார்களாம். என் மகளுக்கு எல்லாவற்றுக்கும் சித்திதான். தலை வாரினால் சித்தி வாரின மாதிரி இல்லை. தி.நகரில் துணி எடுக்கக்கூட நான் வேண்டாம், சித்தி வரணும். மிச்சம் இருந்தது இந்தப் பர்பி ஒன்றுதான். அதிலும் அவள் கை வைத்துவிட்டாள்.

"போலாமே" என்று சிரித்தேன். சாக்லேட்டோ பர்பியோ, அன்றைக்கு என் பெண்ணோடு பள்ளிக்கூடம் போவது என் கை செய்ததாகத்தான் இருக்கணும். பிள்ளையாரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

வீட்டுக்காரர் கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று விபூதி, குங்குமம், ஒரு சின்ன டப்பாவில் பச்சைக் கற்பூரம், எல்லாம் கட்டிக் கொடுத்தார். ஓரகத்தியின் அம்மா அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். "வாங்க கண்ணு, வந்ததும் வராததுமா நிக்கறீங்க, உக்காருங்க" என்று மோர் கொடுத்தார். நல்ல மனுஷி. அந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்களாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தோப்பில் என் ஓரகத்தி நடந்த நடையைப் பார்க்கணும். அடையாறில் குதிகால் செருப்பு போடுகிறவள், அங்கே வெறுங்காலோடு, பாவாடை கட்டின சின்னப் பெண் மாதிரி ஓடினாள். என் மகள் பின்னாலேயே ஓடினாள். அடிமரத்திலேயே மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் ஒட்டிக்கொண்டு தொங்கின. ஓரகத்தியின் அண்ணன் கட்டையால் தட்டி ஒன்றை உடைத்தார். உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள். "சும்மா வாயில போட்டுச் சப்பிப் பாருங்க, கடிச்சறாதீங்க" என்றார். சீதாப்பழத்தில் புளிப்பு ஏறிய மாதிரி இருந்தது. இதுவா சாக்லேட் ஆகும் என்று நினைத்தேன். கொட்டைகளை மரப்பெட்டியில் வாழை இலை போட்டு மூடிப் புளிக்க வைத்திருந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சித்தியும் மகளும் ஒரே சமயத்தில் "ஊஊ" என்று கத்திச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் இல்லை.

பிறகுதான் எனக்கு நேரம் வந்தது. காயவைத்து வறுத்த கொட்டையை உடைத்து முறத்தில் போட்டுக் கொடுத்தார்கள். தோலைப் புடைத்து எடுக்கணும். கூட வந்திருந்த கோயம்புத்தூர் ஆட்கள் முறத்தைக் குலுக்கிப் பருப்பையெல்லாம் தரையில் கொட்டினார்கள். நான் உட்கார்ந்து நாலு தட்டுத் தட்டினேன். தோல் தனியாகப் பறந்தது.

"அக்கா, கலக்கறீங்க போங்க!" என்றாள் ஓரகத்தி. என் மகள் செல்போனில் படம் எடுத்தாள். "எங்கம்மா" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிப் போனது.

பருப்பை அரைக்க ஒரு நாளுக்கு மேல் ஆகுமாம், நம் வீட்டு கிரைண்டர் மாதிரிக் கல்லில்தான் அரைக்கிறார்கள். அதனால் முன்பே அரைத்த விழுதை ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார்கள். பக்கத்தில் பொடித்த சர்க்கரை, முந்திரி, ஏலக்காய்.

"விழுதுல இனிப்பே கிடையாதுங்க. கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, நக்கிப் பாத்துப் பாத்துச் சேருங்க" என்றார் அண்ணன்.

எல்லாரும் விரலை விட்டு நக்கினார்கள். ஓரகத்தி நக்கி, மகளுக்கும் கொஞ்சம் ஊட்டி, "இன்னும் ஒரு கரண்டி போடலாமா தங்கம்?" என்று கேட்டு, இரண்டு பேருமாக ஒரே கிண்ணத்தில் செய்தார்கள்.

நான் நக்கவில்லை. பிறந்தநாள் பண்டம், முதலில் சாமிக்குப் போக வேண்டியது. கண்ணளவில் சர்க்கரை போட்டேன். வாசனை இனிப்பாகத்தான் வந்தது. அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. இவர்கள் ஊரில் இல்லாதது என்னிடம் ஒன்று இருக்கிறதே! நான் கொண்டுவந்து, அவர்கள் பூஜையறையில் வைத்திருந்த டப்பாவிலிருந்து பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி வந்தேன். சர்க்கரைப் பொங்கலுக்குப் போடுவதுதானே. போட்டேன். பக்கத்துக் கிண்ணத்தில் அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன்.

அச்சில் வார்த்துக் குளிரவைத்தோம். கழுவப் போட்ட என் கிண்ணத்தை மகள் எடுத்து, ஓரத்தை விரலால் வழித்து வாயில் வைத்தாள். முகம் அப்படியே சுருங்கியது.

"ஐயோ ம்மா! கோயிலையே கடிச்சுத் தின்ன மாதிரி கீது!"

சுற்றியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. தானும் கொஞ்சம் வழித்துத் தின்று, "எனக்குப் புடிச்சிருக்குதுங்க அக்கா, வாசமா இருக்குது" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவளும் சிரித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கிளம்பும்போது இரண்டு பேர் சாக்லேட்டையும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அவளே கட்டிக் கொடுத்தாள்.

பிறந்தநாள் காலை. மகள் ஃப்ரிட்ஜைத் திறந்து சித்தியோடு செய்த டப்பாவைத்தான் எடுத்தாள். எனக்குத் தெரியும், எடுப்பாளென்று. நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"அதைக் கொண்டு போகக் கூடாதுடி" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் நக்கி நக்கிச் செஞ்சது. எச்சில். சாமிக்கு வைக்க முடியாது. சாமிக்கு வைக்காம உன் பொறந்தநாள் பண்டம் என்னிக்காவது வாசல் தாண்டியிருக்கா?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்போ சாமிக்கு உன்னோடதை வைம்மா. நான் இதை எடுத்துட்டுப் போறேன். ரெண்டும் ஆச்சில்ல?"

சொல்லிவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். என் நியாயத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

என் சாக்லேட்டைத் தட்டில் அடுக்கிப் பிள்ளையாருக்கு வைத்தேன். கற்பூரம் காட்டும்போது எந்த வாசனை எரிகிற கற்பூரத்திலிருந்து வருகிறது, எது என் சாக்லேட்டிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அப்புறம் பிரசாதமாக ஒன்றை எடுத்து முதல் முறையாக வாயில் போட்டேன். கசப்பு. நாக்கு ஜில்லென்று மரத்து, தொண்டை வரைக்கும் கசந்தது. துப்ப முடியாது, பிரசாதம். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். என் ஓரகத்தி இதையா பிடித்திருக்கிறது என்றாள் என்று நினைத்தபோது, அவள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமைதான் வந்தது. அப்படி ஒரு பொய்யை நான் அவளுக்காகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் மகள் காலி டப்பாவோடு வந்தாள். எல்லாரும் அடித்துப் பிடித்துத் தின்றார்களாம். சித்திக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினாள். எனக்கு ஒரே ஒரு சேதிதான் இருந்தது.

"ஒருத்தி மட்டும் கேட்டாம்மா, பர்பி எங்கடீன்னு."

விளக்கேற்றும்போது அந்த முகம் தெரியாத பெண் நன்றாகப் படிக்கணும், நல்ல இடத்தில் வாழ்க்கைப்படணும் என்று வேண்டிக்கொண்டேன். ஓரகத்தியையும் சேர்த்து வேண்டிக்கொண்டால் பிள்ளையார் சந்தோஷப்படுவார் என்று தெரிந்தது. அன்றைக்கு மனசு வரவில்லை. மறுநாள் வேண்டிக்கொண்டேன், எல்லாரையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக.